ஆடுபவரின் நேரத்தை மதிக்கும் ஆர்பிஜி: ஜப்பானியப் பாணியில் விளையாட்டு உருவாக்க விரும்பும் மட்டக்களப்பு, அம்பாறை இளையோருக்கு ஒரு வழிகாட்டி

ஜப்பானியப் பாத்திரமேற்பு விளையாட்டுகளை (ஆர்பிஜி) ஆடி வளர்ந்து, அதே பாணியில் தமிழில் ஒன்றைத் தாமே உருவாக்க வேண்டும் என்று எண்ணுகிறவர்கள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இன்று இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அந்த விளையாட்டுகளின் இசையும், நால்வர் ஐவராகச் சேர்ந்து புறப்படும் பயணமும், யோசித்து முறைவைத்து ஆடும் சண்டையும் எனக்கு மிகவும் பிடித்தவை. அவற்றில் எதையும் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாணியின் குறைகளில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்பது என் உறுதியான கருத்து. ஆடுபவரிடமிருந்து நேரத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக அவர் யோசித்து எடுக்க வேண்டிய ஒரு முடிவைக்கூடத் தராமல் விடுவதே அந்த வேர். கீழே வரும் ஒவ்வொரு படியும் அதைக் களைவதற்கானது.

இந்தக் குறை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது. 1981இல் அமெரிக்காவில் வெளிவந்த விசார்ட்ரி, அல்டிமா ஆகிய கணினி விளையாட்டுகளைப் பார்த்து ஊக்கம் பெற்றே யூஜி ஹோரி டிராகன் குவெஸ்ட்டை வடிவமைத்தார். 1986இல் எனிக்ஸ் அதை வெளியிட்டது. அடுத்த ஆண்டில் ஸ்குவேர் நிறுவனத்தின் ஃபைனல் ஃபேண்டஸியும் செகாவின் ஃபேண்டஸி ஸ்டாரும் வந்தன. முதல் டிராகன் குவெஸ்ட் முழுவதும் 64 கிலோபைட் அளவுள்ள ஒரு கார்ட்ரிட்ஜுக்குள் அடங்கியிருந்தது. அவ்வளவு சிறிய இடத்துக்குள் நாட்கணக்கில் நீளும் பயணம் ஒன்றைக் கொடுக்க வேண்டுமானால், அதே எதிரிகளோடு மீண்டும் மீண்டும் மோதவிட்டு வலிமையைச் சிறுகச் சிறுக ஏற்றுவதைத் தவிர வேறு வழி அதிகம் இருக்கவில்லை. அன்று அது தேவையாக இருந்தது. இட நெருக்கடி நீங்கிப் பல ஆண்டுகளான பின்னும் அந்தப் பழக்கம் மட்டும் நீடிப்பதுதான் சிக்கல்.

அளவைத் தாளில் தீர்மானியுங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய நிறுவனங்களின் ஜப்பானிய ஆர்பிஜிகள் பல நாற்பது மணித்தியாலத்துக்கு மேல் நீள்பவை. 2016இல் வந்த பெர்சோனா 5 நூறு மணித்தியாலத்தை நெருங்குகிறது. உங்கள் முதல் விளையாட்டு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போகக் கூடாது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறவரும், விடியற்காலையில் வாவிக்கோ கடலுக்கோ போகிறவரும், வேலை முடிந்து பஸ்ஸில் திரும்புகிறவரும் ஒரே இருப்பில் அரை மணித்தியாலம் ஒதுக்குவதே பெரிது என்பதை மனத்தில் வையுங்கள்.

இடத்தையும் அதற்கேற்பச் சுருக்குங்கள். எழுவான்கரையில் ஒரு மீனவர் குடியிருப்பு, வாவியைக் கடக்க நம் மக்கள் ‘பாதை’ என்று அழைக்கும் படகு, படுவான்கரையில் ஒரு வட்டையும் (வயல்வெளி) அதன் நடுவே ஒரு வாடியும் (காவல் குடில்), அதற்கு அப்பால் காட்டின் ஓரம் என்று நான்கு இடங்கள் போதும். குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்குப் பாதையில் கடந்தவர்களுக்கு, ஒரு நீர்ப்பரப்பைத் தாண்டியதும் வேறோர் உலகத்துக்குள் நுழையும் உணர்வு எப்படி வரும் என்று விளக்கத் தேவையில்லை. இந்தப் பாணியின் விளையாட்டுகள் விரைந்து பயணம் செய்யும் வசதியைப் பெரும்பாலும் கதையின் பிற்பகுதியில் பறக்கும் கப்பலாகத் தருகின்றன. அதுவரை ஆடுபவர் பார்த்த நிலத்தையே மறுபடி மறுபடி நடந்து கடக்கிறார். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஓரிடத்தை ஒருமுறை நடந்து கடந்துவிட்டால், மறுமுறை பாதைக்காரரிடம் சொன்னவுடன் அங்கே போய்ச் சேரலாம் என்று வைத்துவிடுங்கள்.

பிறகு நிமிடங்களைக் கணக்கிடுங்கள். ஒரு சண்டைக்கு 40 விநாடி ஆகிறது, இரண்டு இடங்களுக்கு இடையே 30 சண்டைகள் வருகின்றன என்றால், அங்கே மட்டும் 20 நிமிடம் செலவாகிறது. உங்கள் இரண்டு மணித்தியாலத்தில் ஆறில் ஒரு பங்கு அது. அந்த முப்பது சண்டைகளிலும் ஆடுபவர் எடுக்கும் முடிவுகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றனவா என்று கேளுங்கள். வேறுபடவில்லை என்றால் முப்பதை ஐந்தாக்குங்கள்.

கண்ணுக்குத் தெரியாத எதிரிகளை நீக்குங்கள்

நடந்துகொண்டிருக்கும்போது திரை திடீரென மாறிச் சண்டை தொடங்குவது இந்தப் பாணியில் மிக அதிகமாகக் குறை கூறப்படும் வழக்கம். இதற்கான மருந்தை ஜப்பானியப் படைப்பாளர்களே முப்பது ஆண்டுகளுக்கு முன் கண்டுபிடித்துவிட்டார்கள். 1994இல் வந்த மதர் 2 விளையாட்டில் எதிரிகள் நிலத்திலேயே நடமாடுவார்கள். நீங்கள் அவர்களைவிட மிகவும் வலிமை பெற்றுவிட்டால் அவர்கள் உங்களைக் கண்டு ஓடுவார்கள். தொட்டால் சண்டைத் திரையே வராமல் வெற்றியும் அனுபவப் புள்ளியும் கிடைத்துவிடும். 1995இன் குரோனோ டிரிகரில் எதிரிகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதோடு, சண்டையும் அதே நிலத்தில் நடக்கும். பிரேவ்லி டிஃபால்ட், எதிரிகள் வரும் வீதத்தைப் பூச்சியத்திலிருந்து இரு மடங்கு வரை ஆடுபவரே மாற்றிக்கொள்ள விட்டது. இத்தனை வழிகள் இருந்தும் பின்னர் வந்த பல விளையாட்டுகள் பழைய வழக்கத்தையே தொடர்ந்தது வருத்தத்துக்குரியது.

உங்கள் விளையாட்டில் எதிரியை நிலத்தில் நிறுத்துங்கள். அவர் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் பார்க்கிறார், அவரைச் சுற்றிப் போக வழி உண்டா என்பவை தெரிந்தால், நடப்பதே ஒரு தீர்மானமாக மாறிவிடும்.

சண்டையின் கணக்கைச் சரிசெய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் நீங்கள் மிக அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். சலிப்பூட்டும் ஏற்றவேலை, அதாவது அடுத்த கட்டத்துக்குப் போகும் வலிமை வரும்வரை அதே எதிரிகளை அடித்துக்கொண்டிருப்பது, பெரும்பாலும் கதையின் குறையால் வருவதில்லை. கணக்கின் குறையால் வருகிறது.

ஆர்பிஜி மேக்கர் என்னும் மென்பொருளில் தொடக்கத்திலேயே அமைக்கப்பட்டிருக்கும் சேதச் சூத்திரம், தாக்குபவரின் வலிமையை 4ஆல் பெருக்கி, அதிலிருந்து எதிரியின் தற்காப்பை 2ஆல் பெருக்கிக் கழிப்பது. எதிரியின் தற்காப்பு 30, விழும்வரை அவர் தாங்கும் அடியின் அளவான உயிர்ப்புள்ளி 120 என்று கொள்வோம். உங்கள் வலிமை 20 என்றால் சேதம் 80இலிருந்து 60 போக 20. ஆறு அடியில் எதிரி விழுவார். வலிமை 25 ஆனால் சேதம் 40. மூன்று அடி போதும். வலிமை 15 என்றால் சேதம் பூச்சியம். எத்தனை அடி அடித்தாலும் எதிரி விழமாட்டார். கழித்தல் முறையில் சிறிய வேறுபாடு இப்படிப் பெரிய பள்ளமாகிவிடுகிறது. சற்றுப் பின்தங்கியவர் எவ்வளவு திறமையாக யோசித்தாலும் பயனில்லை. திரும்பிப் போய் வலிமையை ஏற்றிக்கொண்டு வருவதே அவருக்குள்ள ஒரே வழி.

இதற்குப் பதிலாக விகித முறையைப் பயன்படுத்துங்கள். வலிமையை அதனாலேயே பெருக்கி, மேலும் 2ஆல் பெருக்கி, வலிமையும் தற்காப்பும் கூட்டிய தொகையால் வகுங்கள். அதே எதிரிக்கு எதிராக வலிமை 20 என்றால் சேதம் 16, எட்டு அடி. 25 என்றால் ஏறக்குறைய 23, ஆறு அடி. 15 என்றால் 10, பன்னிரண்டு அடி. பின்தங்கியவருக்குச் சண்டை கடினமாகிறதே தவிர, முடியாததாகிவிடவில்லை. அந்த இடைவெளியை அவர் யோசனையால் நிரப்பலாம்.

யோசனைக்கு இடம் கொடுக்கச் சிறந்த முன்மாதிரி, 2003இல் வந்த ஷின் மெகாமி டென்செய் 3 விளையாட்டின் முறைவைப்பு. நான்கு பேர் இருந்தால் உங்கள் பக்கத்துக்கு நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். எதிரியின் பலவீனத்தைக் கண்டு அடித்தால் ஒரு வாய்ப்பில் பாதி மட்டுமே செலவாகும். அடி தவறினாலோ எதிரியிடம் எடுபடாமல் போனாலோ இரண்டு வாய்ப்புகள் போய்விடும். எதிரி உறிஞ்சிக்கொள்ளும் வகையைப் பயன்படுத்தினால் அந்தச் சுற்றே முடிந்துவிடும். இதே விதி எதிரிக்கும் பொருந்தும் என்பதால், சாதாரணச் சண்டைகூடக் கவனத்தைக் கோருகிறது. 2001இன் ஃபைனல் ஃபேண்டஸி 10 அடுத்தடுத்து யாருடைய முறை வருகிறது என்பதைத் திரையின் ஓரத்தில் வரிசையாகக் காட்டியது, அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். முறை தெரிந்தால்தான் திட்டமிட முடியும்.

நிலைமாற்றங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நஞ்சு, உறக்கம், உணர்விழப்பு போன்றவற்றை எத்தனையோ விளையாட்டுகள் கற்றுக்கொடுக்கின்றன. ஆனால் முதன்மை எதிரிகளிடம் அவை எடுபடுவதே இல்லை. சாதாரண எதிரியோ இரண்டு அடியில் விழுந்துவிடுவதால் அங்கே அவை தேவைப்படுவதில்லை. ஆக, ஆடுபவர் அவற்றை மறந்துவிடக் கற்றுக்கொள்கிறார். உங்கள் முதன்மை எதிரியிடம் அவை வேலை செய்யட்டும். முதல்முறை மூன்று சுற்று, அடுத்தமுறை இரண்டு, அதன்பின் ஒன்று என்று குறைத்துக்கொண்டே போங்கள். மருந்துப் பொருட்களையும், ஓய்வெடுக்கும் இடத்துக்கு வந்தவுடன் மீண்டும் நிரம்பிவிடும்படி அமையுங்கள். இல்லையெனில் விலைமதிப்பான மருந்தைப் பிறகு தேவைப்படும் என்று சேர்த்துவைத்து, ஒருமுறையும் பயன்படுத்தாமலேயே கதையை முடிப்பவர்களே அதிகமாக இருப்பார்கள்.

மறுவெளியீடுகளில் இப்போது வேகத்தைக் கூட்டும் பொத்தான் வருகிறது. 2017இன் ஃபைனல் ஃபேண்டஸி 12 மறுவெளியீட்டில் நான்கு மடங்கு வரை கூட்டலாம். பழைய விளையாட்டுகளுக்கு அது நல்ல உதவிதான். புதிதாக உருவாக்கும் நீங்கள் அந்தப் பொத்தானை நம்பி வடிவமைக்காதீர்கள். ஆடுபவர் ஒரு பகுதியை வேகமாக ஓட்ட விரும்பினால், அந்தப் பகுதியில் அவருக்கு வேலை இல்லை என்று பொருள், அதை வெட்டிவிடுங்கள்.

கொல்வது ஒன்றே இலக்காக இருக்க வேண்டியதில்லை

எதிரியின் உயிர்ப்புள்ளியைப் பூச்சியமாக்குவதே ஏறக்குறைய எல்லாச் சண்டைகளின் இலக்காகவும் இருக்கிறது. வேறு வழிகளும் அந்தப் பாணிக்குள்ளேயே உண்டு: 1987இல் தொடங்கிய மெகாமி டென்செய் வரிசையில் பேயுருக்களோடு பேசி அவற்றைத் தம் பக்கம் சேர்க்கலாம். மதர் 2இன் தாக்கத்தில் அமெரிக்காவில் உருவாகி 2015இல் வந்த அண்டர்டேல், யாரையும் கொல்லாமலே முடிக்கக்கூடியது.

நமக்கு இதற்கான கரு அருகிலேயே இருக்கிறது. படுவான்கரையிலும் அம்பாறையின் உட்பகுதிகளிலும் காட்டு யானைகள் வட்டைக்குள் இறங்குவது, விதைத்தவர்களின் உயிரையும் உழைப்பையும் தொடும் பிரச்சினை. இதை ஒரு சண்டையாக வடிவமைத்துப் பாருங்கள். யானைக்கு உயிர்ப்புள்ளி வேண்டாம். பசி, கோபம் என்று இரண்டு அளவுகள் மட்டும் கொடுங்கள். வயலுக்குச் சொந்தக்காரரான போடியாரும், வயலைக் கவனித்துக்கொள்ளும் முல்லைக்காரரும் அவருடைய மகளும் வாடியில் நிற்கிறார்கள். விடியும்வரை எட்டுச் சுற்றுகள் தாக்குப்பிடிக்க வேண்டும். யானை வெடி போட்டால் கூட்டம் பின்வாங்கும், ஆனால் கோபம் ஏறும். தீப்பந்தம் காட்டினால் கோபம் குறைவாக ஏறும், ஆனால் அருகே போக வேண்டும். வட்டையின் ஒரு மூலையை விட்டுக்கொடுத்தால் பசி தணியும், விளைச்சலில் ஒரு பங்கு போகும். எட்டுச் சுற்றிலும் ஆடுபவர் ஒரு நொடிகூடச் சும்மா இருக்கமாட்டார். தோற்றாலும் கதை நிற்க வேண்டியதில்லை. அறுவடை குறைந்த கிராமமாக அது தொடரட்டும்.

கதையை ஆடுபவரின் கையில் கொடுங்கள்

தொடங்கி அரை மணித்தியாலம் வரை பேச்சைப் படிப்பதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாத விளையாட்டுகள் இந்தப் பாணியில் நிறைய உண்டு. நம் வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் ஒவ்வொரு பாத்திரமும் தனக்குரிய வரவுப் பாட்டோடும் தாளத்தோடும் ஆட்டத்தோடும் களரிக்குள் நுழைகிறது. அவர் யார், எத்தகையவர் என்பது அந்த வரவிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. உங்கள் பாத்திரத்தையும் அவ்வாறே ஒரு செயலோடு அறிமுகப்படுத்துங்கள். முல்லைக்காரரின் மகள் யார் என்று பத்துப் பெட்டிகளில் விளக்குவதைவிட, முதல் நிமிடத்திலேயே அவள் கையில் தீப்பந்தத்தைக் கொடுத்து ஆடுபவரை நடக்க விடுவது மேல்.

கதைமாந்தரின் வயதையும் விரிவுபடுத்துங்கள். பதினாறு, பதினேழு வயதுச் சிறுவர்களே உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்த வழக்கத்தில், 2020இன் யாகுசா: லைக் எ டிராகன் நாற்பத்திரண்டு வயது நாயகனை முன்னிறுத்தியது, வேலையிழப்பும் வீடின்மையும் கதைக்குள் வந்தன. உங்கள் குழுவில் கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியாரும், மருதமுனையில் நெசவு செய்யும் ஒரு தாயும் இருக்கலாம். பெண் பாத்திரங்களுக்குப் பயணத்துக்குப் பொருந்தும் உடையை வரையுங்கள். போர்க்களத்தில் நிற்கும் பெண்ணைக் காட்சிப்பொருளாக்கும் பழக்கம் இந்தப் பாணிக்குப் பெருமை சேர்க்கவில்லை.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கிராமம் எரிவதும், நாயகன் உறவுகளை இழப்பதும் பல விளையாட்டுகளில் கதையைக் கிளப்பிவிடும் பொறியாக மட்டுமே வருகின்றன. அடுத்த ஊரில் அவன் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பான். போரையும் இடப்பெயர்வையும், 2004 டிசம்பர் 26இன் கடற்கோளையும் கடந்து வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் உங்கள் விளையாட்டை ஆடப்போகிறார்கள். ஓர் ஊரை அழிக்கும் காட்சியை எழுதினால், அந்த இழப்பு கடைசிவரை அந்தப் பாத்திரங்களின் பேச்சிலும் நடத்தையிலும் இருக்க வேண்டும். அதற்கு இடமில்லை என்றால் அந்தக் காட்சியை எழுதாதீர்கள்.

ஊர்மக்களைக் குறைத்து, அவர்கள் பேசுவதை மாற்றிக்கொண்டே இருங்கள். 2004இல் தொடங்கிய டிரெய்ல்ஸ் இன் த ஸ்கை வரிசையில், கதை ஒரு படி நகர்ந்தவுடன் ஊரிலுள்ளவர்களின் பேச்சும் மாறிவிடும். நாற்பது பேருக்கு ஆளுக்கு ஒரு வரி எழுதுவதைவிட, எட்டுப் பேருக்கு ஆளுக்கு ஐந்து வரி எழுதுவது ஊரை உயிரோடு வைத்திருக்கும்.

காட்சிகளை நிறுத்தவும், தாண்டவும், முன்பு பேசியதைத் திரும்பப் படிக்கவும் வசதி கட்டாயம் வேண்டும். ஃபைனல் ஃபேண்டஸி 10 முதலில் வெளிவந்தபோது காட்சிகளைத் தாண்ட முடியாது. கடினமான ஒரு சண்டையில் தோற்றவர், அதற்கு முந்தைய நீண்ட காட்சியை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியிருந்தது.

சேமிப்பும் இழப்பும்

எந்த இடத்திலும் சேமிக்க விடுங்கள். ஒவ்வோர் இடமாற்றத்தின்போதும் விளையாட்டு தானாகவும் சேமித்துக்கொள்ளட்டும். மின்சாரம் நின்றாலும், தொலைபேசிக்கு அழைப்பு வந்தாலும், விட்ட இடத்திலிருந்து தொடர முடிய வேண்டும். ஒரே கைப்பேசியை அண்ணன் தங்கை இருவரும் பகிரும் வீடுகள் பல இருப்பதால், பெயரிட்ட சேமிப்பு அறைகள் குறைந்தது மூன்று கொடுங்கள். சண்டையில் தோற்றவரை அந்தச் சண்டையின் தொடக்கத்திலேயே நிறுத்துங்கள். முதல் டிராகன் குவெஸ்ட்டிலேயே, தோற்றவர் பணத்தில் பாதியை மட்டும் இழந்து, பெற்ற அனுபவம் குறையாமல் அரசர் முன் கண்விழிப்பார்; அந்தப் பெருந்தன்மையைப் பின்வந்த பலர் கைவிட்டார்கள்.

தவறவிட்டால் திரும்பக் கிடைக்காத பொருட்களை வைக்காதீர்கள். 2006இன் ஃபைனல் ஃபேண்டஸி 12இல் மிகச் சிறந்த ஈட்டியை உறுதியாகப் பெற வேண்டுமானால், அதற்கு முன் குறிப்பிட்ட நான்கு பெட்டிகளைத் திறக்காமல் விட வேண்டும். விளையாட்டுக்குள் எங்கும் அது சொல்லப்படவில்லை. பெட்டியைக் கண்டால் திற என்று பழக்கிவிட்டு, திறந்ததற்காகத் தண்டிப்பது நேர்மையன்று. பின்னர் வந்த மறுவெளியீட்டில் இந்த நிபந்தனை நீக்கப்பட்டது.

தமிழ் எழுத்தும் கருவியும்

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் சோதிக்க வேண்டியது தமிழ் எழுத்து சரியாக வருகிறதா என்பதைத்தான். 2015இல் வந்த ஆர்பிஜி மேக்கர் எம்வி, உரையாடலை ஒவ்வொரு குறியாகத் தனித்தனியே வரைவதால், கொம்பும் காலும் புள்ளியும் மெய்யெழுத்திலிருந்து பிரிந்து நிற்கும். 2023இல் வந்த கோடோ 4 இலவசமானது, திறமூலம் கொண்டது, தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டக்கூடியது, ஆண்ட்ராய்டுக்கும் வெளியிடலாம். எழுத்துருவுக்கு இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் போதும். உரையாடல் எழுத்தெழுத்தாகத் தோன்ற வேண்டும் என்று விரும்பினால், முழு உயிர்மெய் முழு உயிர்மெய்யாக முன்னேறும்படி நிரல் எழுதுங்கள். ‘கொ’ என்பது முதலில் ‘க’ என்று தோன்றிப் பின் மாறினால் கண் உறுத்தும்.

ஜப்பானிய எழுத்தில் இரண்டு குறிகளில் அடங்கும் சொல் தமிழில் நீளும். ஆகவே பட்டியல்களில் ‘தாக்கு’, ‘தடு’, ‘மருந்து’, ‘விலகு’ என்று குறுகிய சொற்களையே வையுங்கள். விளக்கங்களை எழுத்துத் தமிழிலும், மாந்தரின் பேச்சை ஊர்ப்பேச்சிலும் எழுதுங்கள். வாடியில் இருக்கும் கிழவர் ‘மறுகா வா மனே’ என்று கூப்பிடும்போது அவர் எந்த ஊர்க்காரர் என்பதைத் தனியே விளக்க வேண்டியிராது.

ஆடவிட்டுப் பாருங்கள்

முதல் அரை மணித்தியாலப் பகுதி தயாரானவுடன், ஆர்பிஜி ஆடிப் பழக்கமில்லாத ஒருவரிடம் கொடுத்து, அருகே வாய் திறவாமல் அமருங்கள். அவர் தடுமாறும்போது உதவி சொன்னால், உங்கள் விளையாட்டின் குறை உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். அவர் கேள்வி கேட்கும் இடங்களையும், சிந்திக்காமல் ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டே போகும் இடங்களையும் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வகைதான் நீங்கள் திருத்தவோ வெட்டவோ வேண்டிய பட்டியல். பிறகு, ஜப்பானிய ஆர்பிஜிகளை நன்கு அறிந்த ஒருவரிடமும் கொடுங்கள்; பழகியவர் பொறுத்துக்கொள்ளும் சலிப்பைப் புதியவர் பொறுக்கமாட்டார் என்பதால், இருவருடைய குறிப்புகளும் முரண்படும் இடத்தில் புதியவரின் பக்கம் நில்லுங்கள்.

வெளியிடுவதற்கு முன் ஒரு சிறு ஏற்பாட்டையும் செய்துவிடுங்கள். சேமிப்புக் கோப்புக்குள் விளையாட்டின் பதிப்பெண்ணை எழுதிவைத்து, பழைய பதிப்பின் கோப்பைப் புதிய பதிப்பு திறந்து மாற்றிக்கொள்ளும்படி நிரல் எழுதுங்கள். திருத்தங்களோடு அடுத்த பதிப்பை நீங்கள் அனுப்பும்போது, வாவியைப் பாதி கடந்து நிற்பவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிராது.